குருதியிற் காணும் குறிகள்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யான் வைத்தியனல்லேன். இருபது ஆண்டுகளாகச் சிறார்க்கு எழுத்தும் இலக்கணமும் கற்பித்து வருபவன். இம்மாதக் கூட்டத்தில் யாதேனும் ஒரு பொருள்பற்றிப் பேச வேண்டுமென நமது காரியதரிசி அவர்கள் பணித்தபொழுது, என் வழக்கப்படி ஒரு நூலைப்பற்றியே பேசலாமென்று முதலில் எண்ணினேன். ஆயினும், கடந்த சில ஆண்டுகளில் எம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்று என் நெஞ்சை விட்டு அகலாதிருத்தலின் அதனையே பேசத் துணிந்தேன். பிழைபடக் கூறுதல் பெருந்தீங்காகும் பொருள் இஃது ஆகலான், நூல்களைப் பயின்றும், மருத்துவர்பாற் கேட்டுத் தெளிந்தும் வந்துள்ளேன்.

என் தமக்கையாரின் கணவரை உங்களிற் பலர் அறிவீர்கள். அரிசிக்கடை வைத்திருப்பவர். அவர் இசைவு பெற்றே இதனைச் சொல்லுகின்றேன். ஐம்பத்தெட்டாம் வயதில், ஓர் ஐப்பசித் திங்களில், அத்தானுக்கு முதுகில் நோவு தொடங்கிற்று. மூட்டை புரட்டுகின்றவர்க்கு முதுகு நோவு வருதல் புதுமையன்று. ஆதலின் தைலம் தேய்த்தனர், ஒத்தடம் கொடுத்தனர், நோவு மிகும் நாட்களில் அவரே மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி உட்கொண்டு வந்தார். சில திங்களில் உடல் வெளிறிற்று. படியேற மூச்சு வாங்கிற்று. இரத்தக் குறைவு என்று இரும்புச்சத்து மருந்து கொடுக்கப்பட்டது. பின்னர் அடங்காத தாகமும் மலச்சிக்கலும் தோன்றின. வெயிற்காலத்தின் கொடுமையென்று இளநீர் பருகினார். முதுகு நோவுக்கு ஒரு காரணம், வெளிறுதலுக்கு ஒரு காரணம், தாகத்துக்கு ஒரு காரணம் என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம் எளிதிற் கிடைத்துவிட்டமையால், எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாமென்று நாங்கள் எவரும் நினைத்திலோம்.

ஓராண்டுக்கு மேல் இவ்வாறு கழிந்தது. ஒருநாள் கடையிற் கல்லாப்பெட்டியைச் சிறிது நகர்த்தினார். அவ்வளவில் முதுகெலும்பின் கண்ணி ஒன்று நொறுங்கிப் போயிற்று. பெரிய மருத்துவமனை யொன்றுக்குக் கொண்டு சென்றோம். அங்கே இளம்பெண் மருத்துவர் ஒருவர், 'பழைய பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள்' என்றார். தமக்கையார் மஞ்சட்பையில் திணித்து வைத்திருந்தவற்றைக் கொணர்ந்தார். அம்மருத்துவர் அவற்றைத் தேதி வாரியாக மேசைமீது வரிசைப்படுத்தினார். நான்கு தாள்கள். ஹீமோகுளோபின் 12.4, 11.1, 9.6, 8.3. மூன்றாம் தாளிலே வேறிரண்டு எண்களும் இருந்தன. மொத்தப் புரதம் 10.2, அல்புமின் 3.3. அவர் எழுதுகோலை எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, 6.9 என எழுதி, அதனைச் சுற்றி ஒரு வட்டமிட்டார்.

அன்பர்களே, குருதியின் நீர்ப்பகுதியிலுள்ள புரதத்தை இருபெரும் பகுதியாகப் பிரிப்பர். ஒன்று அல்புமின், எஞ்சியது குளோபுலின். நலமுள்ள ஒருவர்க்குக் குளோபுலின் நூறு மில்லிலிட்டர் குருதிநீரில் ஏறக்குறைய 2 முதல் 3.5 கிராம் வரை இருக்கும். அத்தானுக்கு அஃது ஏறத்தாழ இருமடங்கு. அத்தாளில் குளோபுலினின் அளவு தனியே அச்சிடப்படவில்லை. கழித்துத்தான் அறிதல் வேண்டும். மூன்றாம் வகுப்பு மாணாக்கனும் செய்யத்தக்க கழித்தல் அது. அத்தாளைப் பரிசோதனைச் சாலையிலிருந்து வாங்கி வந்தவன் யானே. வழியிற் பேருந்திலமர்ந்து அதனைப் படித்தும் பார்த்தேன். அல்புமின் என்னும் சொல் முட்டையின் வெண்கருவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது என்பதனை நினைந்து மகிழ்ந்தேனேயன்றி, எண்ணைக் கழித்துப் பார்த்திலேன். சொல்லிலே நின்றுவிட்டேன். அதற்கு எட்டுத் திங்கள் கழித்தே நோய் அறியப்பட்டது. அதற்குள் சிறுநீரகம் பழுதாகிவிட்டது.

நோயின் பெயர் மல்டிபிள் மைலோமா. குருதிப் புற்றுநோய்களுள் ஒன்று. எலும்பினுள்ளே மச்சை எனப்படும் மென்பொருள் உண்டு; குருதியின் உயிரணுக்கள் பிறக்கும் இடம் அது. அங்கே பிளாஸ்மா அணுக்கள் என ஒருவகை உண்டு. உடலிற் புகும் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் புரதங்களைச் செய்தல் அவற்றின் தொழில். கிருமிக்குக் கிருமி வேறுவேறு புரதம் வேண்டுமாதலின், ஒவ்வோர் அணுக்கூட்டமும் வெவ்வேறு புரதத்தைச் செய்யும். இந்நோயிலோ, ஒரே அணுவின் வழித்தோன்றல்கள் அளவின்றிப் பெருகி, ஒரே புரதத்தை ஓயாது செய்து குவிக்கின்றன. அப்புரதத்தால் உடலுக்குப் பயனில்லை. மச்சையிலே இடம் அடைபடுதலால் செவ்வணுக்கள் குறைந்து உடல் வெளிறுகின்றது. எலும்பைக் கரைக்கும் அணுக்கள் தூண்டப்படுதலால் எலும்பு நைந்து, அதிலுள்ள கால்சியம் குருதியிற் கலக்கின்றது. கால்சியம் மிகுந்தால் தாகமும் மலச்சிக்கலும் மயக்கமும் உண்டாகும். இளநீரால் தீராத தாகத்தின் காரணம் இப்பொழுது விளங்குகின்றதன்றோ? அணுக்கள் செய்யும் புரதத்தின் ஒரு துண்டு சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துவிடுகின்றது. வலி மாத்திரைகளிற் பல இவ்வாறு நலிந்த சிறுநீரகத்துக்குப் பின்னும் கேடு செய்வன. முதுகு நோவுக்கு உண்ட மருந்தே சிறுநீரகத்துக்குப் பகையாயிற்று என்பதை நினைக்குந்தோறும் என் நெஞ்சு வருந்துகின்றது.

இந்நோயை இரசாயன வழியால் முதலில் தொட்ட வரலாறு மிகச் சுவையுடையது. சிறிது விரித்துக் கூறுவேன். இலண்டன் மாநகரில் தாமஸ் அலெக்ஸாண்டர் மக்பீன் என்றொரு மளிகை வணிகர் இருந்தார். 1844ஆம் ஆண்டில் விடுமுறைக்குச் சென்றவிடத்து, நிலத்தடிக் குகை யொன்றினின்று தாவி ஏறுகையில் மார்பில் ஏதோ முறிந்தாற்போன்ற நோவு உண்டாயிற்று. அது முதல் நோவும் தளர்ச்சியும் அவரை விட்டில. அட்டை விட்டுக் குருதி வாங்கினர். பின்னர் இரும்பும் கொயினாவும் கொடுத்தனர். அத்தானுக்கு இரும்பு கொடுத்தது நினைவுக்கு வருகின்றதா? 1845ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மக்கின்டையர், வாட்சன் என்னும் மருத்துவர் இருவர் அவருடைய சிறுநீரில் ஒரு விந்தையைக் கண்டனர். சூடாக்கினால் அதில் ஒரு பொருள் திரண்டு தோன்றும். மேலும் கொதிக்க வைத்தால் கரைந்து மறையும். ஆறினால் மறுபடியும் திரளும். முட்டையின் வெண்கரு ஒருமுறை வெந்தபின் மீண்டும் கரைவதில்லையே! வியப்புற்ற அவர்கள் அதனை ஒரு குழாயிலிட்டு, இஃது யாதெனக் கேட்டு, ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்னும் இரசாயன வல்ல மருத்துவர்க்கு அனுப்பினர். அவர் ஆராய்ந்து, அஃது ஒருவகைப் புரதப்பொருளே யெனக் கண்டு, எலும்பு மென்மையாகும் நோயுடைய பிறரிடத்தும் அதனைத் தேடுக என எழுதி வைத்தார். 1846ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் மக்பீன் இறந்தார். அவர் எலும்புகள் கத்தி பட்ட அளவில் நொறுங்கும் நிலையில் இருந்தன.

அப்பொருள் இன்றும் பென்ஸ் ஜோன்ஸ் புரதம் என்றே வழங்குகின்றது. நோவுற்ற வணிகர் பெயரால் அன்று. ஆராய்ந்த மருத்துவர் பெயரால். உலக வழக்கு அவ்வாறு! அஃது உண்மையில் யாது என்பது விளங்க நூறாண்டுக்கு மேலாயிற்று. 1962ஆம் ஆண்டில் எடெல்மன், காலி என்னும் இருவர், எதிர்ப்புப் புரதத்தின் இருவகைச் சங்கிலிகளுள் எடை குறைந்த சங்கிலியே அஃது என்று நிறுவினர். இதனிடையே, 1937ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டுத் திசேலியஸ் என்பார் மின்னோட்டத்தின் வாயிலாகக் குருதிநீரின் புரதங்களைப் பிரித்துக் காட்டும் முறையை வெளியிட்டிருந்தார். எலெக்ட்ரோபோரெசிஸ் என்பது அதன் பெயர். நலமுள்ளார்க்கும், காசநோய் முதலிய நெடுநோயுடையார்க்கும் குளோபுலினின் பகுதி அகன்ற மேடுபோலத் தோன்றும். மைலோமாவிலோ ஒரே புரதம் குவிதலின், கோபுரத்தின் கூர்முனைபோல ஒடுங்கி உயர்ந்து நிற்கும். கழித்தலில் எண் மிகுந்தவுடன் புற்றுநோய் எனத் துணிதல் கூடாது. ஈரல் நோயிலும் நாட்பட்ட தொற்றிலும் அவ்வெண் மிகும். மேடோ கூர்முனையோ என்று பார்ப்பது அடுத்த படி.

இனி ஒரு சொல்லைப்பற்றிச் சிறிது கூற விடைதருக. பண்டிதனுக்கு அச்சலுகை யுண்டு. உடலினுள் இடையறாது நிகழும் இரசாயன வினைகளை 'வளர்சிதை மாற்றம்' என்று தமிழிற் பெயரிட்டுள்ளனர். வளர்தலையும் சிதைதலையும் ஒரு சொல்லில் அடக்கிய நல்லாக்கம் இது. உண்ட உணவு உடலாதலும், உடல் தேய்ந்து கழிவாதலும் ஒருங்கே நிகழ்கின்றன. அவ்வினைகளிற் பிறக்கும் சிறு பொருள்கள் வளர்சிதை விளைபொருள்கள் எனப்படும். தசை இயங்குதலாற் பிறந்து சிறுநீரகத்தாற் கழிக்கப்படும் கிரியாட்டினின் அவற்றுள் ஒன்று. உயிரணுக்கள் அழிகையிற் பிறக்கும் யூரிக் அமிலம் மற்றொன்று. சமையலறைக்குட் செல்லாமலே, புறக்கடையில் வழியும் கழுநீரைக் கண்டு உள்ளே என்ன சமையல் என்று அறியும் அயலாரைப்போல, மருத்துவர் இவ்விளைபொருள்களைக் கொண்டு உள்ளே நடப்பதை உய்த்துணர்கின்றனர்.

மைலோமா உடலைக் கெடுக்கத் தொடங்கியதற்கு நான்கு அடையாளங்களை உலக மருத்துவர் ஏற்றுள்ளனர். குருதியிற் கால்சியம் டெசிலிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேற்படுதல், கிரியாட்டினின் 2 மில்லிகிராமுக்கு மேற்படுதல், ஹீமோகுளோபின் 10 கிராமுக்குக் கீழ்ப்படுதல், எலும்பில் அரிப்பு. முதல் மூன்றும் எந்தச் சிற்றூர்ப் பரிசோதனைச் சாலையிலும் பார்க்கத்தக்கவை. இவற்றுக்கும் வேறு காரணங்கள் உண்டு. மச்சையைச் சிறிது எடுத்துப் பார்த்தே நோயை உறுதி செய்வர். ஆயினும் ஐம்பது வயது கடந்த ஒருவர்க்கு வாரக்கணக்கில் நீங்காத எலும்பு நோவும், காரணம் விளங்காத வெளிறலும் ஒருங்கே இருப்பின், 'இவற்றையும் பார்க்கலாமா?' என்று மருத்துவரைக் கேட்பதில் நாணவேண்டுவதில்லை.

மற்றொரு பக்கத்து அச்சத்தையும் நீக்குதல் என் கடன். கூர்முனை தோன்றிய அனைவர்க்கும் புற்றுநோய் இல்லை. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சார்ந்த ராபர்ட் கைல் என்னும் பேராசிரியர் 1978ஆம் ஆண்டில் இதனைத் தெளிவுபடுத்தினார். அந்நாட்டில் ஐம்பது வயது கடந்தோரிடை நடத்திய ஆராய்ச்சியில் நூற்றுவரில் மூவர்க்கு மேற்பட்டோர், யாதொரு துன்பமுமின்றி, இத்தகைய புரதத்தைச் சிறிதளவு தம் குருதியில் உடையராய் இருந்தனர். அவர்களுள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒருவர்க்கே அது மைலோமாவாகவோ அதனையொத்த நோயாகவோ மாறும். அவர்களுக்கு வேண்டுவது மருந்தன்று. உரிய காலந்தோறும் பார்த்து வருதலே.

இந்நோய் தொற்றுவதுமன்று. நெருங்கிய உறவினர்க்கு வருதல் பிறரினும் சிறிது மிகுதியெனினும், அவ்வுறவினருள்ளும் மிகப் பெரும்பாலோர்க்கு அது வருவதேயில்லை. இதனை நம் கூட்டத்தில் வற்புறுத்திச் சொல்லக் காரணமுண்டு. அத்தானின் நோய் தெரிந்தபின், அவர் மகளுக்குப் பேசி முடிந்திருந்த சம்பந்தம் ஒன்று நின்றுபோயிற்று. இன்னார் என்று சொல்ல மாட்டேன், அவர்களும் நம்மவரே. அதைக் கண்ட வேறொரு வீட்டார் தம் வீட்டுப் பெரியவர்க்கு வந்த நோயைத் திருமணம் முடியுமட்டும் மறைத்து, மருத்துவத்தையும் தள்ளி வைத்தனர். முன்னவர் செய்கையினும் பின்னவர்க்கு நேர்ந்ததே எனக்கு மிகுந்த துயரந் தந்தது.

நோயை அறிதல் ஒன்று. மருத்துவம் தொடங்கியபின் அதன் போக்கை அளத்தல் வேறொன்று. அங்கே எண்ணைப் படிக்கும் முறையே மாறுகின்றது. முதற்கண், நோயின் வலிமையை அறிய 2005ஆம் ஆண்டில் ஓர் எளிய அளவை வகுத்தனர். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்னும் சிறு புரதமும் அல்புமினும் ஆகிய இரண்டைக் கொண்டே நோயை மூன்று படியாகப் பிரித்தனர். முன்னது லிட்டருக்கு 3.5 மில்லிகிராமுக்குக் குறைந்தும், அல்புமின் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் குறையாதும் இருப்பின் முதற்படி, முன்னது 5.5 மில்லிகிராமும் அதற்கு மேலுமாயின் மூன்றாம் படி. 2015ஆம் ஆண்டில் வேறு சில குறிகளையும் அதனோடு சேர்த்தனர்.

பின்னர், மருந்து பயன்படுகின்றதா என்பதனை அறிய இரு புரதங்களைப் பார்ப்பர். முழுப்புரதம் ஒன்று, பென்ஸ் ஜோன்ஸ் கண்ட அந்த எடை குறைந்த சங்கிலி மற்றொன்று. சங்கிலியைக் குருதியிலேயே அளக்கும் நுண்முறை 2001ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து ஆராய்ச்சியாளரால் வெளியிடப்பட்டது. இவ்விரண்டுக்கும் வாழ்நாள் வேறு. முழுப்புரதங்களுள் பெரும்பான்மையான வகை குருதியிற் பாதியாகக் குறைய ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். சங்கிலியோ, சிறுநீரகம் நலமாயிருப்பின், சில மணி நேரத்திற் பாதியாகும். அணு இன்றே அழிந்தாலும் அது முன்பு செய்துவைத்த முழுப்புரதம் பல வாரம் குருதியில் உலவும். குயவன் போனபின்னும் அவன் வனைந்த பானைகள் தெருவிற் கிடப்பதுபோல.

இதனை அறியாது யாங்கள் பட்டபாடு கொஞ்சமன்று. மருந்து தொடங்கிய இரண்டாம் வாரத்தில் முழுப்புரதத்தின் எண் பெரிதும் குறையாமை கண்டு என் தமக்கையார் அழுது உணவை ஒழித்தார். மருத்துவர் பொறுமையாக இவ்வேறுபாட்டை எடுத்துரைத்தார். மற்றொருகால் சங்கிலியின் எண் சிறிது ஏறிற்று. அன்று குருதி பார்த்தது வேறொரு பரிசோதனைச் சாலையில் என்பது பின்னரே நினைவுக்கு வந்தது. சாலைக்குச் சாலை அளக்கும் முறையும் கருவியும் வேறுபடுமாதலின், ஒரே இடத்திற் பார்த்து வருதல் நன்று. ஓரெண்ணைக் கண்டு மகிழ்தலும் அழுதலும் வேண்டா. மூன்று நான்கு எண்களை வரிசையாக வைத்து ஏறுமுகமோ இறங்குமுகமோ என்று காண்க என்றார் மருத்துவர். பள்ளியில் ஒரு தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு மாணாக்கனை அளத்தல் தகாதென்று பெற்றோர்க்கு ஆண்டுதோறும் சொல்பவன் யான். என் வீட்டிலே அதனை மறந்தேன்.

அண்மைக் காலத்தில் அறிஞர் இன்னும் நுட்பமாகத் தேடுகின்றனர். பொருள்களின் நிறையைத் துல்லியமாகப் பிரித்தறியும் நிறைமாலைக் கருவியால், ஒரு துளி குருதிநீரில் நூற்றுக்கணக்கான வளர்சிதை விளைபொருள்களை ஒருங்கே அளக்க இயலுகின்றது. பெருகும் புற்றணு நிரம்ப உண்ண வேண்டும். அது எதை உண்டது, எதைக் கழித்தது என்பது குருதியில் தெரியுமன்றோ? மைலோமா அணுக்கள் குளுட்டமின் என்னும் அமினோ அமிலத்தைப் பெரிதும் நாடுபவை. அதனைத் தாமே செய்துகொள்ளும் வன்மை குன்றியவை. 2016ஆம் ஆண்டில் இத்தாலிய ஆராய்ச்சியாளர், இந்நோயாளரின் மச்சை நீரில் குளுட்டமின் குறைந்தும், அது சிதைதலாற் பிறக்கும் அம்மோனியா மிகுந்தும் இருத்தலைக் காட்டினர். தீங்கற்ற நிலை எப்பொழுது நோயாக மாறும் என்பதனை இத்தகைய குறிகளால் முன்னரே அறியக்கூடுமா என்பதே இன்றைய தேட்டம். ஆய்வுகள் பலவும் சிறு கூட்டத்தாரிடை நிகழ்ந்தவை. ஒன்றில் மிகுந்த பொருள் மற்றொன்றில் மிகுவதில்லை. உண்ட உணவும், குருதி எடுத்த வேளையும், உட்கொண்ட மருந்தும் அவ்வெண்களை மாற்றுகின்றன. ஆகலின் 'ஒரு துளியில் எல்லாப் புற்றுநோயும் தெரியும்' என்று விளம்பரம் செய்வாரிடம் பணங்கொடுத்து ஏமாற வேண்டா. நான் முன்னர்க் கூறிய எளிய எண்களுக்கு மாற்றாக அவை இன்னும் வந்தில.

எனினும் வேறொரு குருதிப் புற்றுநோயில் இவ்வழி பலித்திருக்கின்றது. கடுமையான மைலாய்டு லுகீமியா என்பதில், சிலர்க்கு ஐ.டி.எச். என்னும் நொதி திரிந்துபோய், 2-ஹைட்ராக்ஸி குளுட்டரேட் என்னும் பொருளைக் குவிக்கின்றது. நலமுள்ள அணுவில் அது மிகச் சிறிதே காணப்படும். திரிந்த நொதி இதனைச் செய்தல் 2009ஆம் ஆண்டில் மூளைக்கட்டி பற்றிய ஆய்வில் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே லுகீமியாவிலும் கண்டனர். நோயாளர் குருதியிலும் அஃது மிகுந்து காணப்படுகின்றது. அந்நொதியைத் தடுக்கும் மருந்துகள் 2017, 2018ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஏற்கப்பட்டன. மருந்து உண்டபின் அப்பொருள் குருதியிற் குறைகின்றது. ஆனால், கவனியுங்கள்: அது குறைந்தும் நோய் குறையாதவர் உளர். மருந்து நொதியைத் தடுத்தது என்பதனைத்தான் அவ்வெண் சொல்லுகின்றது; நோய் தீர்ந்தது என்பதனைச் சொல்லவில்லை.

அத்தான் இப்பொழுது வாரம் இருமுறை குருதி சுத்திகரிப்புக்குச் செல்லுகின்றார். நோய்க்குரிய மருந்தும் நடைபெறுகின்றது. இந்நோயைப் பெரும்பாலோர்க்கு முற்றும் ஒழிக்க இயலாதெனினும், ஆண்டுக்கணக்கில் அடக்கி வைக்க இக்காலத்து மருந்துகள் உதவுகின்றன. கடைக்கு வந்து மாலைவேளையில் நாற்காலியில் அமர்ந்திருப்பார், மூட்டையைத் தொடுவதில்லை. தமக்கையார் மஞ்சட்பையை ஒழித்துவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் கோடிட்டுத் தேதியும் எண்களும் எழுதி வருகின்றார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். சென்ற வாரம் புதிய தாள் வந்தது. யான் கண்ணாடியைத் தேடி எடுத்து அணிவதற்குள், "தம்பி, கழிச்சுப் பார்த்துட்டேன், மூணு புள்ளி ஒண்ணு வருது" என்றார்.

இவ்வளவோடு என் உரையை நிறுத்திக்கொள்கின்றேன். பழைய தாள்களைக் கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்தபின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் நமது மருத்துவ அன்பரிடம் காட்டலாம்; அவர் எட்டு மணிவரை இருப்பதாகச் சொல்லியுள்ளார்.